நான்கு வயல்களும் ஒரு கிராமமும்
(கூறெடுத்தல் பற்றி ஒரு விளக்கம்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்

முன்னுரை

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. புள்ளியியல் வகுப்பில் கூறெடுத்தல் என்னும் பாடத்தைத் தொடங்கிய நாளில் எங்கள் பேராசிரியர் இப்பழமொழியைச் சொல்லித்தான் தொடங்கினார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆதலால் வகுப்பில் கேட்டதை வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். அன்றும் அப்பாவிடம் பெருமையோடு சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"பானையில இருக்கற அரிசி ஒரே தண்ணியில, ஒரே தீயில வேகுது. நம்ம ஊரு வயலு அப்படியா வெளையுது? நாலு வயல அறுத்துப் பாத்துட்டு ஊருக்கே கணக்கு எழுதிட்டுப் போறாங்களே, அது எப்படிப்பா சரியாகும்?"

இக்கேள்விக்குப் பின்னால் ஒரு செய்தி உண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டில், சம்பா கதிர் முற்றும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வயல் ஊரின் பள்ளப் பகுதியில் இருக்கிறது. தண்ணீர் வடியப் பல நாள் ஆயிற்று. கதிர் சாய்ந்து முளைத்துவிட்டது. பயிர்க் காப்பீட்டுக்காக ஊரில் நான்கு வயல்களில் அறுவடைப் பரிசோதனை நடந்தது. அவற்றில் ஒன்றுகூடப் பள்ளத்து வயல் இல்லை. ஊரின் சராசரி விளைச்சல் நன்றாகவே இருப்பதாகக் கணக்கு வந்தது, இழப்பீடு வரவில்லை. அப்பாவின் கேள்வி அன்று பிறந்தது.

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பருவம் இப்பாடத்தைப் படித்த பிறகு அக்கேள்வியில் எவ்வளவு சரி, எவ்வளவு சரியில்லை என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. அதையே என் சக மாணவர்களோடு இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். புள்ளியியல் படிக்காதவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. வரலாறு, பொருளியல், தாவரவியல், வணிகவியல் என எந்தத் துறையில் ஆய்வு செய்தாலும் இந்தப் படியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முழுமைத் தொகுதி எது?

எதைப் பற்றி அறிய விரும்புகிறோமோ அதன் அலகுகள் அனைத்தும் சேர்ந்தது முழுமைத் தொகுதி. அதிலிருந்து நாம் எடுத்துப் பார்க்கும் ஒரு பகுதி கூறு. மாதிரி என்றும் சொல்வர். கூறைக் கொண்டு தொகுதியை மதிப்பிடுவதே நம் வேலை.

கேட்பதற்கு எளிது. ஆனால் தொகுதியை வரையறுப்பதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் தடுமாறுகின்றன. "நம் கல்லூரி மாணவர்கள்" என்று ஒருவர் தம் தொகுதியைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கை பெற்றுப் பிறகு படிப்பை விட்டவர்கள் இதில் அடக்கமா? முதுகலை மாணவர்கள் அடக்கமா? எந்த ஆண்டின் மாணவர்கள்? இக்கேள்விகளுக்கு விடை இல்லையென்றால் தொகுதி இன்னும் பிறக்கவில்லை என்றே பொருள்.

என்னைத் தொட்ட ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். "முதல் தலைமுறைப் பட்டதாரிகள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெற்றோர் இருவரும் கல்லூரியில் படிக்காதிருந்தால் போதுமா? அக்காள் பட்டம் பெற்றிருந்தால் தம்பி முதல் தலைமுறையா, இல்லையா? தாத்தா படித்து, அப்பா படிக்காமல் போன குடும்பத்தின் பிள்ளை எந்தக் கணக்கில் வருவான்? வரையறையை மாற்றினால் எண்ணிக்கை மாறும். வரையறையைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்பவர் எதையும் சொல்லவில்லை.

எனவே ஒரு தொகுதியை வரையறுக்கும்போது நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிவிட வேண்டும்.

1. பொருள்: எந்தப் பண்புடையவை இதில் சேரும்?
2. அலகு: ஒன்று, இரண்டு என எண்ணப்படுவது எது? ஆளா, குடும்பமா, வயலா, ஏக்கரா?
3. எல்லை: எந்த இடம் வரை?
4. காலம்: எந்த நாள், எந்தப் பருவம்?

எங்கள் ஊர்க் கணக்கை இந்த நான்கிலும் வைத்துப் பார்க்கலாம். பொருள், நெல் பயிரான நிலம். அலகு, ஒரு வயல். எல்லை, ஒரு வருவாய்க் கிராமம். காலம், குறிப்பிட்ட ஆண்டின் சம்பாப் பருவம். இந்த நான்கில் ஒன்றை மாற்றினாலும் சராசரி மாறிவிடும். கிராமம் என்ற எல்லையை வட்டம் என்று விரித்தால், ஒரு கிராமத்தின் பள்ளமும் மேடும் வட்டத்தின் பெரிய சராசரிக்குள் கரைந்துபோகும்.

பட்டியலும் தொகுதியும்

தொகுதியை வரையறுத்தாயிற்று. அதிலிருந்து கூறு எடுக்க வேண்டுமானால் அலகுகளின் பட்டியல் ஒன்று கையில் வேண்டும். மாணவர்களுக்கு வருகைப் பதிவேடு. வாக்காளர்களுக்கு வாக்காளர் பட்டியல். வயல்களுக்குக் கிராமத்தின் அடங்கல் பதிவேடு. இதனைக் கூறெடுப்புச் சட்டகம் என்பர். நாம் அறிய விரும்பும் தொகுதியும், கையிலிருக்கும் பட்டியலும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பட்டியலில் விடுபட்டவர் எத்தனை முறை குலுக்கிப் போட்டாலும் கூறில் வரமாட்டார். இறந்தவர் பெயரும், இருமுறை எழுதிய பெயரும் வந்துவிடும்.

பட்டியலே இல்லாமல் கூறெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வகுப்பில் நாங்களே செய்த பிழையைச் சொல்கிறேன்.

எங்கள் நண்பன் ஒருவன் நெடுந்தொலைவிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறான். முதல் மணி வகுப்பை அவன் பார்ப்பது அரிது. அவனைப் போல எத்தனை பேர் இருக்கிறார்கள், கல்லூரிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்து முதல்வரிடம் ஒரு விண்ணப்பம் கொடுக்கலாம் என்று நான்கு பேர் கிளம்பினோம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவம் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். கைபேசியில் பணம் போடாதவர்கள் விடுபடுவார்களே என்று அதை விட்டுவிட்டோம். அதுவரை சரிதான். பிறகு காலை ஒன்பது மணி முதல் ஒன்பதரை வரை கல்லூரி வாயிலில் நின்று, வருகிறவர்களில் 60 பேரைக் கேட்டு எழுதினோம். கணக்கைப் பார்த்தால் யாருக்கும் பெரிய தொல்லை இருப்பதாகவே தெரியவில்லை.

பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒன்பதரைக்கு மேல் வந்தவர்களை யார் கேட்டது?"

எங்களுக்குச் சுருக்கென்றது. யாருக்காக அந்த ஆய்வைத் தொடங்கினோமோ, அந்த நண்பன் அன்று வாயிலை மிதித்தபோது முதல் மணி அடித்து நெடுநேரம் ஆகிவிட்டது. அவன் எங்கள் 60 பேரில் இல்லை. நாங்கள் கணக்கிட்டது "நம் கல்லூரி மாணவர்களின் பயண நேரம்" அன்று. "நேரத்தோடு வந்துவிட்ட மாணவர்களின் பயண நேரம்". குறையுள்ளவர்களை வெளியே நிறுத்திவிட்டு, குறை இல்லை என்று முடிவு எழுதப் பார்த்தோம்.

மறுபடியும் தொடங்கினோம். துறைகளின் வருகைப் பதிவேடுகளை வரிசையாக அடுக்கினால் ஏறத்தாழ 1,200 பெயர்கள். 60 பேர் வேண்டுமானால் 20-க்கு ஒருவர். 1 முதல் 20 வரை சீட்டெழுதிக் குலுக்கினோம், 7 வந்தது. 7, 27, 47 என்று வரிசையாக எடுத்தோம். இதற்கு முறைசார் கூறெடுத்தல் என்று பெயர். இந்த முறையில் எங்கள் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. பட்டியலில் இருப்பவர் எத்தனை மணிக்கு வந்தாலும் அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது அல்லவா!

அப்படி வந்த பெயர்களில் ஒருவரை இரண்டு முறை தேடியும் கிடைக்கவில்லை. "பக்கத்துப் பெயரைப் போட்டுக்கொள்ளலாமே" என்று எங்களுக்குள் பேச்சு எழுந்தது. பேராசிரியர் கூடாது என்றார். மூன்றாம் முறை அவரைப் பிடித்தோம். வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போவதால் அவர் அந்த நாட்களில் வருவதில்லை. கல்லூரிக்கு வரும் நாளில் காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். எளிதில் கிடைப்பவரும் எளிதில் கிடைக்காதவரும் ஒரே வகையினர் அல்லர் என்பதை அன்று கற்றேன். விடை தராதவர்களை விட்டுவிட்டுக் கிடைத்தவர்களை வைத்துக் கணக்கை முடித்தால், பட்டியல் சரியாக இருந்தாலும் கூறு கோணிவிடும்.

24 இலட்சம் பேர் சொன்ன தவறான விடை

"60 பேரை வைத்துக்கொண்டா கல்லூரியைக் கணக்கிடுவது? 600 பேரைக் கேட்டிருந்தால் பிழை வந்திருக்காதே" என்று சிலர் எண்ணலாம். எண்ணிக்கை பெருகினால் பிழை தானே மறையும் என்பது பலரும் நம்பும் ஒன்று. அதைப் பொய்யாக்கிய நிகழ்ச்சி 1936-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்தது.

அவ்வாண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டும் லாண்டனும் போட்டியிட்டனர். லிட்டரரி டைஜஸ்ட் என்னும் வார இதழ் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு அஞ்சலில் மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பியது. ஏறத்தாழ 24 இலட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, லாண்டன் 57 விழுக்காடு வாக்குகளுடன் வெல்வார் என்று அவ்விதழ் அறிவித்தது. முந்தைய தேர்தல்களில் அதன் கணிப்புச் சரியாக இருந்ததால் மக்களும் நம்பினர். ஆனால் ரூஸ்வெல்ட் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை மெய்ன், வெர்மான்ட் என்னும் இரண்டே மாநிலங்கள். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்பவர் மிகச் சிறிய கூறைக் கொண்டே ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார். டைஜஸ்ட் இதழ் 1938-இல் நின்றுபோயிற்று.

பிழை எங்கே? பெயர்களைத் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேடுகளிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தொலைபேசியும் வண்டியும் வைத்திருந்தவர்கள் வசதியுள்ளவர்கள். வேலையற்றவர்களும் ஏழைகளும் அப்பட்டியலில் குறைவு. அடுத்து, சீட்டுப் பெற்றவர்களில் நான்கில் ஒருவரே திருப்பி அனுப்பினர். மாற்றம் வேண்டும் என்று துடித்தவர்கள் ஆர்வத்தோடு அனுப்பினார்கள்; மற்றவர்கள் வாளாவிருந்தார்கள். பட்டியலிலும் சாய்வு, விடையிலும் சாய்வு.

இதிலிருந்து ஒரு பாடம். கூறில் வரும் பிழை இரு வகை. ஒன்று, தற்செயலாக ஏறியும் இறங்கியும் வருவது. இதனைக் கூறெடுப்புப் பிழை என்பர். கூறைப் பெரிதாக்கினால் இது குறையும். மற்றொன்று, எப்போதும் ஒரே பக்கம் இழுப்பது. இதுவே ஒருபக்கச் சாய்வு. கூறைப் பெரிதாக்கினால் இது குறையாது. கோணலான தராசில் ஒரு மூட்டையை நிறுத்தாலும் நூறு மூட்டையை நிறுத்தாலும் கோணல் கோணல்தான்.

சமவாய்ப்பு ஏன்?

சாய்வைத் தவிர்க்க அறிஞர்கள் கண்ட வழி சமவாய்ப்பு. எந்த அலகு கூறில் வரவேண்டும் என்பதை மனிதர் முடிவு செய்யாமல், குலுக்கலோ சமவாய்ப்பு எண் அட்டவணையோ முடிவு செய்யும்படி விட்டுவிடுவது. இதன் சிறப்பை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன்.

ஓர் ஊரில் ஐந்தே வயல்கள் இருப்பதாகக் கொள்வோம். ஏக்கருக்கு முறையே 20, 24, 28, 32, 36 மூட்டை விளைகிறது. ஊரின் உண்மைச் சராசரி 28. இப்போது இரண்டு வயல்களை மட்டும் எடுத்துச் சராசரி காண வேண்டும். ஐந்திலிருந்து இரண்டைப் 10 விதமாக எடுக்கலாம். அப்பத்துக் கூறுகளின் சராசரிகள்: 22, 24, 26, 28, 26, 28, 30, 30, 32, 34. கூட்டினால் 280, பத்தால் வகுத்தால் 28. அதாவது தனித்தனிக் கூறு தவறலாம். ஆனால் எல்லாக் கூறுகளின் சராசரியும் உண்மைச் சராசரியோடு சரியாக ஒத்துப்போகிறது. மேலே தவறுவதும் கீழே தவறுவதும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. பத்தில் ஆறு கூறுகள் உண்மையிலிருந்து 2 மூட்டைக்குள்ளேயே நிற்கின்றன. எவ்வளவு தவறும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல முடிகிறது.

இதற்கு மாறாக, "பார்த்தால் நடுத்தரமாகத் தெரிகிற வயலை எடுப்போம்" என்று ஒருவர் கண்ணால் பொறுக்கினால் என்ன ஆகும்? பாதையோர வயல் கண்ணில் படும்; சேற்றுக்குள் இறங்கிப் போக வேண்டிய வயல் படாது. அது சரியாகவும் அமையலாம். ஆனால் எவ்வளவு தவறியிருக்கும் என்று சொல்ல வழியே இல்லை. சமவாய்ப்பின் மதிப்பு இதில்தான் இருக்கிறது. தன் பிழையின் அளவைத் தானே சொல்லும் நேர்மை அதற்கு உண்டு.

எத்தனை அலகுகள் எடுப்பது?

கூறின் சராசரி உண்மையிலிருந்து எவ்வளவு விலகும் என்பதைத் திட்டப் பிழை காட்டும். தொகுதி பெரிதாயின், திட்ட விலக்கத்தைக் கூறின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை கிடைக்கும். வர்க்கமூலம் என்பதைக் கவனிக்க வேண்டும். பிழையைப் பாதியாக்க, கூறை இரு மடங்கு ஆக்கினால் போதாது. நான்கு மடங்கு ஆக்க வேண்டும்.

இன்னொரு வியப்பு. ஒரு கருத்தை எத்தனை விழுக்காட்டினர் ஏற்கின்றனர் என்று அறிய வேண்டும். 95 விழுக்காடு நம்பிக்கையுடன் 5 விழுக்காட்டுக்கு மேல் பிழை கூடாது. 1,000 பேர் உள்ள தொகுதிக்கு 278 பேர் வேண்டும். 1 இலட்சம் பேருக்கு 383 பேர். கோடிக்கணக்கானோர் உள்ள மாநிலத்துக்கோ 385 பேர் போதும்! தொகுதி ஆயிரம் மடங்கு பெருத்தாலும் கூறு பெரிதாக வளர்வதில்லை. தொகுதியில் பத்தில் ஒரு பங்கு எடுத்தே ஆக வேண்டும் என்று திட்டக் கட்டுரைகளில் எழுதுகிறோமே, அதற்கு அடிப்படை இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த எண்கள் சமவாய்ப்பு முறையில் எடுத்த கூறுக்கு மட்டுமே பொருந்தும். வாயிலில் நின்று பிடித்த 385 பேருக்குப் பொருந்தா.

வயலில் கூறெடுத்த வரலாறு

நெல் வயலில் சமவாய்ப்பு முறையைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் ஹப்பாக் என்னும் ஆங்கில அதிகாரி. 1920-களில் பீகார், ஒரிசா பகுதியில் வயல்களைச் சமவாய்ப்பாகத் தேர்ந்தெடுத்து விளைச்சலை அளந்தார். அதற்குமுன் விளைச்சல் என்பது, "இந்த ஆண்டு எத்தனை அணா விளைச்சல்" என்று அதிகாரிகள் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்வதாகவே இருந்தது. 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், 1937-இல் வங்காளத்தில் சணல் பயிரிட்ட நிலப்பரப்பைக் கூறெடுத்து அறியும் ஆய்வைத் தொடங்கினார். ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் கூறுகள் எடுத்து, இரண்டு தனிக் குழுக்களை அனுப்பி, அவர்களின் கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் கண்ட நுட்பம். இரண்டும் மிகவும் வேறுபட்டால் எங்கோ கோளாறு என்று தெரிந்துவிடும். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் அவர் முயற்சியின் பயனே. அவருடைய பிறந்த நாளான ஜூன் 29, 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

வயலுக்குள் அளந்து அறுக்கும் இடத்தின் அளவு பற்றியும் 1940-களில் பெரும் விவாதம் நடந்தது. மகலனோபிஸ் சிறு வட்டங்களை அறுத்துப் பார்க்கும் முறையைக் கையாண்டார். சுகாத்மே என்னும் புள்ளியியல் அறிஞர், மிகச் சிறிய இடத்தை அறுத்தால் விளைச்சல் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும் என்று எடுத்துக்காட்டினார். ஏன்? எல்லைக் கோட்டில் நிற்கும் குத்தை அறுப்பதா விடுவதா என்ற ஐயம் வரும்போது, கை தானாக அதையும் சேர்த்து அறுத்துவிடுகிறது. நான்கு பக்கமும் 2.5 சென்டிமீட்டர் கூடுதலாக அறுத்ததாகக் கொள்வோம். 1 மீட்டர் சதுரத்தில் அது 10 விழுக்காட்டுப் பிழை; 5 மீட்டர் சதுரத்தில் 2 விழுக்காடுதான். நம் பக்கத்தில் நெல்லுக்கு 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள சதுரத்தை அறுக்கிறார்களே, அந்த அளவுக்குள் இப்படி ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது.

இப்போது நடக்கும் முறை படிப்படியானது. அடங்கலிலுள்ள புல எண்களிலிருந்து சமவாய்ப்பு எண்ணால் ஒரு வயல். அவ்வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, மறுபடியும் சமவாய்ப்பு எண்களின்படி நீளவாட்டில் இத்தனை அடி, அகலவாட்டில் இத்தனை அடி நடந்து, நின்ற இடத்தில் சதுரம் கட்டி அறுத்து, அடித்து, நிறுக்கிறார்கள். இதுவே பலகட்டக் கூறெடுத்தல். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் தொடங்கியது. கிராமம் அலகாக உள்ள முக்கியப் பயிருக்கு அதில் குறைந்தது 4 பரிசோதனைகள். கிராமத்தின் சராசரி மகசூல், உத்தரவாத மகசூலைவிட எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் அக்கிராமத்தில் காப்பீடு செய்த அனைவருக்கும் இழப்பீடு. குறையவில்லை என்றால் இந்தச் சராசரிக் கணக்கின்படி ஒருவருக்கும் இல்லை.

அப்பாவின் கேள்விக்கு விடை

இனி அப்பாவின் கேள்விக்கு வருவோம். எங்கள் ஊரில் நான்கில் மூன்று பங்கு மேட்டு வயல், ஒரு பங்கு பள்ள வயல் என்று கொள்வோம். சமவாய்ப்பாக 4 வயல்கள் எடுக்கிறார்கள். நான்குமே மேட்டில் விழுவதற்கான நிகழ்தகவு, நான்கில் மூன்றை நான்கு முறை பெருக்கினால் வருவது. அதாவது 256-இல் 81; ஏறத்தாழ 32 விழுக்காடு. பள்ளத்தில் சரியாக ஒன்று விழுவதற்கு 256-இல் 108; இரண்டோ அதற்கு மேலோ விழுவதற்கு 256-இல் 67.

இக்கணக்கைத் தாளில் போட்டு அப்பாவிடம் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப மூணு வருசத்துக்கு ஒரு தடவ நம்ம பள்ளத்த பாக்காமலே போயிடுவாங்கன்னு சொல்லு" என்றார். ஏறக்குறைய அதுதான் விடை. மற்ற சில ஆண்டுகளில் பள்ளம் அளவுக்கு மீறிக் கூறில் வந்து ஊரின் சராசரி குறைவாகத் தெரியும். அப்போது மேட்டு வயல்காரருக்கும் சேர்த்து இழப்பீடு வரும். பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி சரியாகிவிடும். ஆனால் கடன் வாங்கி நட்ட ஒரு குடும்பத்துக்குப் பல ஆண்டுகளின் சராசரி வேண்டியதில்லை. அந்த ஓர் ஆண்டுதான் வேண்டும்.

இதற்குப் பரிகாரம், அதிகாரி கண்ணால் பார்த்துப் பள்ளத்து வயலைப் பொறுக்குவது அன்று. அது வேறொரு சாய்வுக்கு வழிவிடும். கூறெடுத்தல் நூல்கள் காட்டும் வழி படுகை முறை. ஊரை முதலிலேயே மேடு, பள்ளம் என்றோ, தலைமடை, கடைமடை என்றோ படுகைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு படுகைக்குள்ளும் சமவாய்ப்பாக எடுப்பது. மேட்டில் 3, பள்ளத்தில் 1 என்று வைத்தால் அதே 4 பரிசோதனைதான். ஆனால் பள்ளம் ஒருநாளும் விடுபடாது. ஒரு படுகைக்குள் வயல்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் திட்டப் பிழையும் குறையும். மாறாக, பரிசோதனைகளை 8 ஆக்கினால் பள்ளம் முழுதும் விடுபடும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடாக இறங்கும். ஆனால் செலவு இரட்டிப்பாகும்.

இருந்தாலும் ஒன்றை அப்பாவிடம் நான் மறைக்கவில்லை. படுகை முறையில் எடுத்தாலும், அந்த எண் ஊரின் சராசரியைத்தான் சொல்லும். எங்கள் வயலைச் சொல்லாது. மேலே கண்ட ஐந்து வயல் ஊரில் சராசரி 28 என்பது உண்மை. ஆனால் 20 மூட்டை கண்டவருக்கு அந்த உண்மை உதவவில்லை. இது கூறெடுத்தலின் பிழை அன்று. எதைத் தொகுதி என்று வரையறுத்தோமோ அதைப் பற்றி மட்டுமே கூறு பேசும். பள்ளத்து வயல்களுக்குத் தனி நியாயம் வேண்டுமானால் பள்ளத்தைத் தனித் தொகுதியாக வரையறுத்து, அதற்குப் போதிய பரிசோதனைகள் செய்ய வேண்டும். அது கணக்குப் போடுகிறவர் முடிவு மட்டும் அன்று; வரையறையை எழுதுகிறவர்களின் முடிவு.

"அத யாரு போயி கேக்கறது?" என்றார் அப்பா. நான் தாளை மடித்து வைத்தேன். அதற்குரிய விடை என் பாடப் புத்தகத்தில் இல்லை.

முடிவுரை

நண்பர்களே! இறுதியாண்டில் நம்மில் பலர் திட்டக் கட்டுரை எழுதப் போகிறோம். வினாப்பட்டியல் தயாரிப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்வோம். என் தொகுதி எது. அதன் பட்டியல் எங்கே. பட்டியலில் விடுபடுவோர் யார். கிடைக்காதவரைத் தேட எத்தனை முறை போவேன். இந்த நான்குக்கும் விடை எழுதியவர் 60 பேரை வைத்தே நம்பத்தக்க ஒரு முடிவைச் சொல்லலாம். எழுதாதவர் 24 இலட்சம் பேரைக் கேட்டும் தவறலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். பானை ஒரே தீயில் வெந்திருந்தால். எங்கள் ஊர்த் திருமணங்களில் பெரிய அண்டாவில் சோறு வடிக்கும் சமையற்காரர் மேலே ஒரு சோறு பார்த்து இறக்கிவிடுவதில்லை. கரண்டியை அடிவரை விட்டு, ஓரத்திலும் நடுவிலும் எடுத்து நசுக்கிப் பார்ப்பார். அவர் படுகை முறை என்ற பெயரைக் கேட்டதில்லை. ஆனால் அடியில் வேகாமல் கிடந்தால் பந்தியில் யாருக்கோ அந்தச் சோறு போய்ச் சேரும் என்பதை அறிந்தவர்.

வாயிலில் தொடங்கிப் பதிவேட்டுக்குப் போன எங்கள் பயண நேர ஆய்வு முடிந்துவிட்டது. முதல் கணக்கைவிட இரண்டாம் கணக்கில் சராசரி தெளிவாகவே கூடியது. அதை விண்ணப்பத்தோடு இணைத்து முதல்வர் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். இம்முறை அதில் எங்கள் நண்பனைப் போன்றவர்கள் இருக்கிறார்கள்.